சங்கிலியின் கடைசிக் கண்ணி

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன விஷயம் மல்டி லெவல் மார்க்கெட்டிங் என்னும் வியாபாரம். இதைப் பேச வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகையின் மணமகன் தேவை பகுதியில் தன் பெண்ணுக்காக விளம்பரம் கொடுத்திருந்தார் நமது உறுப்பினர் மாமி ஒருவர். ஒரு நாள் ஒருவர் போன் செய்து, நட்சத்திரம், கோத்திரம், பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று எல்லாம் விவரமாகக் கேட்டிருக்கிறார். மாமியும் சந்தோஷமாகப் பதில் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து அந்த மனிதர், "அது இருக்கட்டும் மாமி, வீட்டிலிருந்தே மாதம் 50,000 சம்பாதிக்க ஒரு நல்ல பிளான் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்கட்டுமா?" என்றாராம். மாமி என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபத்தைவிட அவமானமே அதிகம் தெரிந்தது.

இதை நான் ஏதோ வெளியிலிருந்து குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நானே இதில் ஒன்பது மாதம் இருந்தவன். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். நான் பின்னால் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போகும் கம்பெனிகள் எதுவும் அது இல்லை.

2003-ஆம் வருஷம். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். டோம்பிவலியில் வீடு. தினமும் ஒரே லோக்கலில், ஒரே பெட்டியில் சேர்ந்து போகும் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, வெள்ளைத் தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். "நடுவில் நீங்கள். நீங்கள் ஆறு பேரைச் சேர்க்கிறீர்கள். அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கிறார்கள். அப்புறம் நீங்கள் தூங்கினாலும் பணம் வரும்." பிறருடைய பாலன்ஸ் ஷீட்டை அலசிப் பார்த்துக் கடன் கொடுப்பது என் தொழில். அன்றைக்கு அந்த வட்டங்களை நான் அலசிப் பார்க்கவில்லை. வங்கி ஊழியர் வெளி வியாபாரம் செய்யக் கூடாது என்பதால் என் மனைவியின் பெயரில் சேர்ந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சேர்ந்ததும் முதல் வேலை, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதுவது. சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், ரயில் நண்பர்கள், பிள்ளைகளின் ஸ்கூல் டீச்சர் வரை எழுதினேன். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது மாதக் கணக்கை நான் எழுதி வைத்திருந்தேன். சேரும்போது வாங்கிய கிட் ரூ.4,500. பெயர் பட்டியலில் நிலைத்திருக்க மாதம் ரூ.2,000-க்குக் கட்டாயம் சாமான் வாங்க வேண்டும், அது ரூ.18,000. ஊக்கமூட்டும் புத்தகம், காஸெட் ரூ.2,300. ஹோட்டலில் நடந்த கூட்டங்களுக்கு டிக்கெட் ரூ.3,200. ரயில், ஆட்டோ, டெலிபோன் ரூ.3,000. ஆக மொத்தச் செலவு ரூ.31,000. வெளியாருக்கு விற்றது ரூ.5,200. கமிஷன் செக் ரூ.3,860. வீட்டில் நாங்களே உபயோகித்த சோப்பு, பற்பசைக்குக் கடை விலையில் ரூ.6,000 போட்டுக் கழித்தாலும் சுமார் ரூ.16,000 நஷ்டம். மேடையில் ஏற்றி எனக்குக் கைதட்டியது இந்தக் கணக்குக்குத்தான்.

பதினாறாயிரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

வீடு வீடாகச் சென்று விற்பதில் தவறு ஒன்றும் இல்லை. எல்.ஐ.சி. ஏஜெண்ட் வருகிறார், தபால் ஆபீஸ் சேமிப்புக்கு ஏஜெண்ட் வருகிறார். நமது மாமிகளில் பலர் அப்பளம், பட்சணம், புடவை விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே பொருள் வேண்டும் என்கிற ஒருவர் பணம் கொடுக்கிறார், விற்றவருக்கு லாபம் கிடைக்கிறது. வாங்கியவர் மேலும் ஆறு பேரைப் பிடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

மல்டி லெவல் முறையில் விற்பவருக்கு இரண்டு விதமாக வருமானம் சொல்கிறார்கள். ஒன்று, தான் விற்ற சாமானின் லாபம். இரண்டாவது, தான் சேர்த்தவர்களும், அவர்கள் சேர்த்தவர்களும் வாங்கும் சாமானின் மேல் ஒரு சதவிகிதம். நம்மைச் சேர்த்தவர் அப்லைன், நாம் சேர்த்தவர் டவுன்லைன். விளம்பரச் செலவும் கடைக்காரர் கமிஷனும் மிச்சம், அதைத்தான் உங்களுக்குத் தருகிறோம் என்பார்கள். மிச்சமானால் சாமான் மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? நான் விற்ற சாமான்கள் பெரும்பாலும் கடையில் அதே தரத்தில் கிடைப்பதைவிட விலை கூடுதல். பல படிகளுக்கும் கமிஷன் கொடுக்க வேண்டுமானால் அது விலையில்தானே ஏற வேண்டும்? அதனால் வெளியார் ஒரு தடவை தாட்சண்யத்துக்கு வாங்குவார்கள், மறு தடவை வாங்க மாட்டார்கள். கடைசியில் சாமானை வாங்குகிறவர்கள் யார்? சேர்ந்தவர்களேதான். அதுவும் சாமான் வேண்டும் என்பதற்காக அல்ல, கமிஷனுக்குத் தகுதி வேண்டும் என்பதற்காக.

இப்போது அந்த வட்டங்களைப் பார்ப்போம். அம்பலப்புழை பால் பாயசத்தின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சதுரங்கத்தில் தோற்ற ராஜாவிடம், முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நாலு என்று இரட்டித்துக் கொடுத்தால் போதும் என்று கிழவர் வேடத்தில் வந்த பகவான் கேட்டார். இவ்வளவுதானா என்று ராஜா சிரித்தார். 21-ஆவது கட்டத்திலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. களஞ்சியம் காலியாகியும் கட்டங்கள் மீதி இருந்தன. தினமும் பாயசம் கொடுத்துக் கடனைத் தீர்க்கும்படி ஆயிற்று.

இங்கே இரட்டிப்புகூட இல்லை, ஆறு மடங்கு. 6, 36, 216, 1,296, 7,776 என்று போகிறது. ஒன்பதாவது படியில் ஒரு கோடியைத் தாண்டுகிறது. பதினொன்றாவது படியில் 36 கோடி. பன்னிரண்டாவது படிக்கு 217 கோடிப் பேர் வேண்டும். இந்தியாவில் அத்தனை ஜனம் இல்லை. பதின்மூன்றாவது படிக்கு 1,306 கோடி. உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை.

"அவ்வளவு தூரம் ஏன் சார் போகணும், நாலு படி போதுமே?" என்று என் அப்லைன் சொல்வார். நாலு படியையே எடுத்துக்கொள்வோம். மேலே ஒருவர், கீழே 6, 36, 216, 1,296. மொத்தம் 1,555 பேர். இதில் கடைசிப் படியில் இருக்கும் 1,296 பேருக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. அதாவது நூற்றுக்கு 83 பேர் கொடுத்தவர்கள் மட்டுமே, பெற்றவர்கள் அல்ல. அதற்கு மேற்படியில் உள்ள 216 பேருக்கு ஆறே பேர். அது போட்ட செலவுக்கே போதாது. மிச்சம் இருப்பது 43 பேர். மேடையில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவர் அந்த 43-இல் ஒருவர். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மற்ற 1,512 பேர்.

"நீ சரியாக உழைக்கவில்லை, உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்று தோற்றவரைப் பார்த்துச் சொல்வார்கள். ஒவ்வொருவரும் ராப்பகலாக உழைத்துத் தலைக்கு ஆறு பேரைச் சேர்த்தாலும் நூற்றுக்கு 83 பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். இன்னும் ஒரு படி இறங்கினால், அந்த 83 வேறு ஆட்களாக மாறும், அவ்வளவுதான். உழைப்பு கூடினால் கடைசிப் படி நீளுமே தவிர மறையாது. இது சோம்பேறித்தனத்தால் வரும் நஷ்டம் அல்ல. கணக்கிலேயே இருக்கும் நஷ்டம். நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

சில திட்டங்களில் சாமான் என்ற திரைகூடக் கிடையாது. 2011-இல் மும்பையில் போலீஸ் வழக்கு வரை போன ஸ்பீக் ஏசியா விவகாரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வருஷச் சந்தா ரூ.11,000. வாரா வாரம் கம்ப்யூட்டரில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் வாரம் ரூ.1,000. ஆள் சேர்த்தால் மேலும் கமிஷன். வருஷத்துக்கு ரூ.52,000 ஆயிற்று. கட்டிய 11,000 போக மீதி 41,000 எங்கிருந்து வரும்? ஏறக்குறைய நாலு புதிய ஆட்களின் முழுச் சந்தாவும் இந்த ஒருவருக்கே வேண்டும். அந்த நாலு பேருக்குக் கொடுக்கப் பதினாறு பேர் வேண்டும். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுப் பணத்தைப் போட்டவர்கள் நம் பேட்டையிலேயே இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1978-ஆம் வருஷத்துப் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. ஆள் சேர்ப்பதையே பணம் வரும் வழியாக்கும் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் ஒருவரைச் சேர்ப்பதும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. "நான் வெறும் மெம்பர்தான்" என்று தப்பிக்க முடியாது.

1998-இல் இந்தியாவில் வியாபாரத்தைத் தொடங்கிய ஆம்வே கம்பெனி இந்தச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று வாதாடியபோது, 2007-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அதன் ரூ.757 கோடி மதிப்புள்ள சொத்துக்களை முடக்கியது. விசாரணைக்கு ஒத்துழைப்பதாகக் கம்பெனி சொன்னது. குற்றச்சாட்டு வேறு, முடிவான தீர்ப்பு வேறு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் "கவர்ன்மெண்ட் ரிஜிஸ்டர் பண்ணின கம்பெனி" என்பதால் மட்டும் ஒரு திட்டம் சுத்தமாகிவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. கம்பெனியைப் பதிவு செய்வது என்பது பெயரைப் பதிவதுதான். திட்டத்துக்குக் கொடுக்கும் சர்ட்டிபிகேட் அல்ல.

2016-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்றன. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகள் வந்தன. அவற்றின்படி பிரமிட் திட்டமும் பணச் சுழற்சித் திட்டமும் நேரடி விற்பனை என்ற பெயரில் நடத்தத் தடை. விற்பவர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி அனுமதி கேட்காமலும் உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது.

நடைமுறையில் நாம் என்ன செய்வது? யாராவது பிளான் சொல்ல வந்தால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், காபி கொடுத்துவிட்டே கேட்கலாம்.

1. பிளானை மறந்துவிடுவோம். இந்த டப்பா ஒன்றை இந்த விலைக்கு நம் பக்கத்து வீட்டுக்காரர் கடையில் பார்த்தால் வாங்குவாரா?

2. நான் சம்பாதிப்பதற்கு முன்னால் எவ்வளவு கட்ட வேண்டும்? மாதா மாதம் எவ்வளவுக்குச் சாமான் வாங்க வேண்டும்?

3. ஒரு மாதச் செக்கின் நகல் வேண்டாம். உங்களுடைய மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்னைக் காட்ட முடியுமா?

4. வந்த கமிஷனைச் சொன்னீர்கள். சாமான், கூட்டம், பயணம் எல்லாம் போக மீதி எவ்வளவு?

5. நாளை முதல் புதிதாக ஒருவரும் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு வருமானம் வருமா?

ஐந்தாவது கேள்விக்கு வாய்விட்டு "வரும்" என்று ஒருவர் சொல்லி, அதைக் கணக்கில் காட்டினால், அது வியாபாரம். சொல்ல முடியாவிட்டால் அது சங்கிலி.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்று மேலும் ஒருவரைச் சேர்க்காதீர்கள். நிறுத்துங்கள். ரசீது, செக், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நீங்கள் சேர்த்தவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் திரட்டுகிற மோசடியாகத் தெரிந்தால் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் "அப்பவே சொன்னேனே" என்று குத்திக் காட்ட வேண்டாம். மாட்டிக்கொள்கிறவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல. வேலை கிடைக்காத பிள்ளை, கையில் நேரமும் ஓய்வுப் பணமும் உள்ள பெரியவர், தன் கையால் நாலு காசு சம்பாதிக்க ஆசைப்படும் பெண்மணி, இவர்கள்தான். திட்டிவிட்டால் மறைப்பார்கள். மறைத்தால் நஷ்டம் பெருகும்.

இப்போது பாக்கி வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எழுதிய நூறு பெயரில் முதல் பெயர் என் அத்திம்பேருடையது. அவர் 2002-இல் பாக்டரியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தாணேயில் இருந்தார். நான் போய்ச் சொன்னேன். "நீ பாங்கிலே இருக்கே, உனக்குத் தெரியாததா" என்று கேள்வியே கேட்காமல் சேர்ந்தார். மாதக் கடைசிக்குள் இத்தனை பாயிண்ட் சேர்த்தால் அடுத்த லெவல் என்று கூட்டத்தில் சொன்னதை நம்பி, ரூ.80,000-க்கு சாமான் வாங்கிப் பரணில் அடுக்கினார். விற்கவில்லை. சத்து மாவு டின்கள் தேதி கடந்து வீணாயின.

என் கமிஷன் செக் ரூ.3,860 என்று சொன்னேன் அல்லவா? அதில் ரூ.2,400 அத்திம்பேர் வாங்கிய அந்த 80,000-க்கு எனக்கு வந்த மூன்று சதவிகிதம். என் அக்கா வீட்டு நஷ்டத்தில் எனக்கு வருமானம். இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாடம் வேண்டுமானால் இந்த ஒரு வரி போதும். அதை நான் புரிந்துகொள்ள ஒன்பது மாதம் ஆயிற்று.

எங்கள் ரயில் கோஷ்டியும் கலைந்தது. என்னைப் பார்த்தால் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் வேறு பெட்டிக்கே மாறிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, பி.எப். கடன் வாங்கி அந்த 80,000-ஐ ஒரு கவரில் வைத்து எடுத்துக்கொண்டு தாணேக்குப் போனேன். அத்திம்பேர் வாங்க மாட்டேன் என்றார். நான் கட்டாயப்படுத்தினேன். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "பணத்தை விடுடா. முன்னெல்லாம் நீ வந்தா தம்பி வந்திருக்கான்னு இருக்கும். இப்போ நீ வாசல்லே நின்னா, என்னத்தைத் தலையிலே கட்ட வந்திருக்கானோன்னு தோணறது. அதுக்கு என்ன பண்ணப் போறே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாங்கில் எந்த லெட்ஜரிலும் இந்த நஷ்டத்தை எழுதப் பத்தி கிடையாது. பணம் இரண்டு வருஷத்தில் அடைந்தது. அக்கா என்னை வாசலில் பார்த்ததும் பழையபடி சிரிக்கப் பல வருஷம் ஆயிற்று.

அதனால் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். நமது உறுப்பினர் பட்டியலையும், பத்திரிகையில் வரும் மண விளம்பர எண்களையும் வியாபாரத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட வேண்டும். நவராத்திரி கொலு, சீமந்தம், பூணூல் என்று கூப்பிட்ட இடத்தில் பிளான் சொல்வதில்லை என்று நாமாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். வேலை தேடும் நம் பிள்ளைகளுக்குச் சங்கத்தில் ஒரு ஆலோசனைக் குழு வேண்டும். பணம் கட்டச் சொல்லும் எந்த வேலையானாலும் கட்டுவதற்கு முன் அவர்கள் வந்து கேட்கட்டும். அந்தக் குழுவில் உட்கார நான் தயார். எனக்கு வேறு தகுதி இருக்கிறதோ இல்லையோ, ஏமாந்த அனுபவமும் ஏமாற்றிய அனுபவமும் இருக்கிறது.

வெளியூரில் வந்து குடியேறிய நமக்கு முதலில் கைகொடுத்தது தெரிந்தவர்கள்தான். வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர், பிள்ளைக்கு வரன் சொன்னவர், எல்லோரும் இந்தப் பட்டியலில் இருப்பவர்களே. அந்த நம்பிக்கையை நம் பெரியவர்கள் ஐம்பது, அறுபது வருஷம் சேர்த்து வைத்தார்கள். மூன்று சதவிகிதக் கமிஷனுக்கு அதை விற்க வேண்டாம்.